புதுப்பிப்பு: மந்திரவாதி பிறந்தநாள் – மாயக் கஷாயமும் கூம்புத் தொப்பியும்

பிள்ளைகளுக்கு மந்திரவாதி பாணியில் பிறந்தநாள் விழா நடத்துவது பற்றிய முதல் பதிவில் மேலோட்டமாகச் சொன்ன இரண்டுக்கு, அதாவது நிறம் மாறும் பானத்துக்கும் தாளில் செய்யும் கூம்புத் தொப்பிக்கும், அளவு கேட்டிருந்தீர்கள்.

மாயக் கஷாயம்: காய்ந்த சங்குப்பூ 10, வெந்நீர் அரை லிட்டர், ஐந்து நிமிடம், வடிகட்டி ஆறவைத்துச் சர்க்கரை சேருங்கள். நீலத்தில் எலுமிச்சைச் சாறு சில சொட்டு விழுந்ததும் ஊதா. இன்னும் விட்டால் இளஞ்சிவப்பு. நிறம் மாறவில்லை என்றால் பெரும்பாலும் பூ அதிகம். அடர்நீலத்தில் மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடி டம்ளருக்குப் பின்னால் விரலை வைத்தால் விரல் தெரியவேண்டும், அதுதான் பதம். லெமன் சோடாவில் முன்கூட்டியே கலக்காதீர்கள். அதிலுள்ள அமிலமே ஊதாவாக்கிவிடும், பிள்ளைகளுக்கு வித்தை மிஞ்சாது. சாற்றைச் சின்னக் குப்பிகளில் தனியாகக் கொடுங்கள்.

தொப்பி: அரைவட்டம் வெட்டினால் மூக்குவரை இறங்கும். கால்வட்டம் போதும். ஆரம் 35 செ.மீ. என்றால் வளைந்த விளிம்பு 55 செ.மீ.; தலைச் சுற்றளவு 52 செ.மீ. போக, ஒட்டுவதற்கு 3 செ.மீ. மிஞ்சும். 56 × 71 செ.மீ. சார்ட் ஒன்றில் இரண்டு தொப்பி. ஃபெவிகால் காயும்வரை கிளிப் போடுங்கள், இல்லாவிட்டால் கூம்பு விரிந்துவிடும். எலாஸ்டிக் கோக்கும் ஓட்டையின் உட்புறம் செலோடேப் ஒட்டாவிட்டால் முதல் இழுப்பிலேயே கிழியும்.

உலர்பனிப் புகை (டிரை ஐஸ், அதாவது உறைந்த கார்பன் டை ஆக்சைடு) கேட்டவர்களுக்கு: மூடிய அறை, சின்னப் பிள்ளைகள்... வேண்டவே வேண்டாம்.