லைஃப் இன் தி யூகே தேர்வு: அரசாங்கப் பாடம் மண்டையில் ஏறாதவர்களுக்கு

பிரிட்டனில் நிரந்தரமாகத் தங்கவும் குடியுரிமை வாங்கவும் எழுத வேண்டிய லைஃப் இன் தி யூகே தேர்வில் ராஜா ராணி வரிசைகூடப் பரவாயில்லை, அரசாங்கம், தேர்தல் பகுதிதான் படுத்துகிறது என்று இந்த வாரம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். என் அனுபவத்தில், முதலில் வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேருங்கள். அப்புறம் புத்தகத்தைத் திறங்கள்.

'இந்திய பாஸ்போர்ட்டுக்கு இங்கே ஏது ஓட்டு' என்று நானும் இரண்டு வருடம் சும்மா இருந்தவன்தான். காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் முறையான விசாவில் இங்கே வசித்தால் நாடாளுமன்றத் தேர்தலிலேயே ஓட்டு போடலாம். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் இதில் அடக்கம். மாணவர் விசா என்றாலும் சரி. அரசு இணையதளத்தில் ஐந்து நிமிட வேலை. நேஷனல் இன்ஷூரன்ஸ் எண்ணை (வேலைக்கும் வரிக்கும் தரும் எண்) கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

2024 ஜூலை 4, வியாழக்கிழமை, நாடாளுமன்றத் தேர்தல். விடுமுறையெல்லாம் கிடையாது, காலை 7 முதல் இரவு 10 வரை எப்போது வேண்டுமானாலும் போகலாம். வேலை முடிந்து பக்கத்துத் தெரு சர்ச் ஹாலுக்குப் போனேன். அடையாளத்துக்கு இந்திய பாஸ்போர்ட்டே போதும். ஓட்டுச் சீட்டு, நூலில் கட்டிய குட்டைப் பென்சில், பெயருக்கு நேரே ஒரு பெருக்கல் குறி, அவ்வளவுதான். சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு, பழக்க தோஷத்தில் இடது கையை நீட்டிக்கொண்டு நின்றேன். மை வைக்க யாரும் வரவில்லை. பின்னால் நின்றவருடைய நாய்தான் முகர்ந்து பார்த்தது.

அன்று இரவு டிவி பார்த்ததில் பாதி அத்தியாயம் முடிந்தது. மொத்தம் 650 தொகுதி. சுமார் 34 சதவீத ஓட்டில் லேபர் கட்சிக்கு 411 இடம். 14 சதவீதம் வாங்கிய ரிஃபார்ம் கட்சிக்கு வெறும் 5. தொகுதியில் முதலில் வருபவருக்கே சீட்டு, நம் ஊர்க் கணக்கேதான். அதே தேர்தலில்தான் ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போ தொகுதியில் நம் தமிழ்ப் பெண் உமா குமரன் லேபர் சார்பில் ஜெயித்தார்.

நம் ஊர் நினைப்பு காலை வாரும் இடங்களும் உண்டு. இங்கே நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையை மாநிலங்களவை மாதிரி நினைக்காதீர்கள், அதன் உறுப்பினர்களை மக்களோ எம்எல்ஏக்களோ தேர்ந்தெடுப்பதில்லை. சபாநாயகர் ஆனவர் தன் கட்சியை விட்டு விலகிவிட வேண்டும். அரசியலமைப்பு ஒரே புத்தகமாக எழுதப்பட்டதில்லை. இந்த மூன்றையும் நான் மாதிரித் தேர்வில் தவறாகக் குறித்தேன்.

எம்பி 'சர்ஜரி' நடத்துகிறார் என்றால் கத்தி கிடையாது, தொகுதி மக்களைச் சந்தித்துக் குறை கேட்பது. ஓட்டு இல்லாதவரும் போகலாம். குப்பை எடுக்கவில்லை என்றால் அங்கே போகாதீர்கள், அது கவுன்சிலர் வேலை.

தேர்வில் 24 கேள்வி, 45 நிமிடம், 18 சரியாக வேண்டும். ஐஎல்ஆருக்கு (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) ஒருமுறை தேறினால் குடியுரிமைக்கும் அதுவே போதும், சான்றைத் தொலைக்காதீர்கள். வீடு மாறினால் ஓட்டுக்கு மட்டும் புது முகவரியில் மறுபடி பதிய வேண்டும்.