புதுப்பிப்பு: முடி மாற்று அறுவையில் காயத்தை மூட நூல்தையலா, ஸ்டேப்ளர் பின்னா?

பின்தலையிலிருந்து தோலைப் பட்டையாக வெட்டியெடுக்கும் எஃப்.யூ.டி. முறையில், காயத்தை நூலால் தைப்பதா, பின் அடிப்பதா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

"நூலா பின்னா என்பதைவிட, ட்ரைக்கோஃபைட்டிக் முறையில் மூடுவாரா என்று கேளுங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. ஒரு விளிம்பின் மேல்தோலை மட்டும் சுமார் 1 மி.மீ. சீவிவிட்டு, மறு விளிம்பை அதன்மேல் பொருத்தித் தைக்கிறார்கள். அடியில் இருக்கும் வேர்க்கால்களிலிருந்து முடி தழும்பைத் துளைத்துக்கொண்டு வளர்கிறது. மருத்துவர் சம்மதித்தார். ஆனால் பட்டை அகலமாகி, தோலை இழுத்துப் பிடித்துத் தைக்க நேர்ந்தால், எப்படி மூடினாலும் தழும்பு விரியும் என்றார். அதனால் குறுகலாகவே எடுத்தார். நூல்தையல்தான், இரண்டு வாரத்துக்குள் பிரித்துவிட்டார்கள்.

எதிர்பாராதவை இரண்டு. தையலைச் சுற்றி முடி கொட்டியது, ரொம்பவே பயந்துபோனேன். அறுவை அதிர்ச்சியால் வரும் தற்காலிக உதிர்வாம், சில மாதங்களில் முளைத்துவிட்டது. தழும்பைத் துளைக்கும் முடி உள்ளே சிக்கிச் சின்னச் சின்னப் பருக்களும் வந்தன. வெதுவெதுப்பான ஒத்தடத்தில் அடங்கின.

இப்போது குட்டையாக வெட்டினாலும் கோடு தேடினால்தான் தெரிகிறது. மொட்டையடித்தால் நிச்சயம் தெரியும்.