ஹாங்காங் பேக்கரியில் அம்மாவோடு: "கறி இருக்கா" என்று கேட்டால் போதாது

போன நவம்பரில் அம்மா ஹாங்காங் வந்திருந்தபோது, ஷாம் ஷுய் போ பக்கம் ஒரு சின்ன பேக்கரிக்குக் கூட்டிப் போனேன். சைவம் சாப்பிடும் பெரியவர்களை இந்த மாதிரிக் கடைகளுக்கு அழைத்துப் போக நினைப்பவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள், அதனால் விவரமாகவே எழுதுகிறேன். அம்மா கறி, மீன் தொடமாட்டார். கேக்கில் முட்டை இருந்தால் பரவாயில்லை என்பார்.

இதில் எனக்கு ஒரு பழைய உறுத்தல் உண்டு. இரண்டு வருடம் முன்னால் வேறொரு கடையில் "கறி இருக்கா" என்று கேட்டு, "இல்லை" என்று சொன்னதை நம்பி லோ போ பெங் என்கிற பூரணம் வைத்த இனிப்பு ஒரு பெட்டி வாங்கி, சுத்த சைவமான நண்பர் வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, அந்த மேல்மாவு அடுக்கடுக்காக உதிர்வதே பன்றிக் கொழுப்பால்தான் என்று. கடைக்காரர் பொய் சொல்லவில்லை, உள்ளே கறி இல்லைதான், அவர்கள் கணக்கில் கொழுப்பு வேறு, கறி வேறு. நண்பர் பெருந்தன்மையாக விட்டுவிட்டார், எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. அதனால் இப்போது நான் முதலில் கான்டனீஸ் மொழியில் கேட்பது ஒன்றே ஒன்று: "யவ் மோ ஜூ யவ்?" பன்றிக் கொழுப்பு இருக்கிறதா, இல்லையா? இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

நாங்கள் போனது மதியம் மூன்று மணி தாண்டி. இங்கே மூன்றேகால் டீ என்று ஒரு பழக்கம் உண்டு, கட்டட வேலை செய்கிறவர்கள் கருவியைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்க வருவார்கள். இந்தக் கடையிலும் அந்த நேரத்துக்குத்தான் அடுத்த ஈடு ஓவனிலிருந்து வருகிறது. வாசலில் தட்டும் இடுக்கியும் எடுத்துக்கொண்டு நாமே பொறுக்கிக்கொள்ள வேண்டும். நான் நாலு வகை எடுத்து வைத்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டேன். கல்லாவில் இருந்த அம்மாள் என்னைப் பார்த்தார், பின்னால் நின்ற அம்மாவைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் மாஸ்டரிடம் பேசிவிட்டு, கையில் வெண்ணெய் சுற்றி வந்த ஒரு காகிதத்தோடு திரும்பி வந்து, எங்களுக்குத் தெரிகிற மாதிரி விரித்துக் காட்டினார். அப்புறம் இடுக்கியை எடுத்துத் தட்டில் இருந்ததை இரண்டாகப் பிரித்தார். போலோ பாவ், கை மெய் பாவ் என்ற இரண்டு பன்களும் ஒரு பக்கம், முட்டை டார்ட்டும் லோ போ பெங்கும் இன்னொரு பக்கம். டார்ட் இருந்த பக்கத்தைக் காட்டி "ஜூ யவ்" என்றார். கூட்டம் வரிசையில் நிற்கும்போது இவ்வளவு மெனக்கெட்டார்.

போலோ என்றால் அன்னாசி, ஆனால் போலோ பாவில் அன்னாசி துளியும் கிடையாது. மேலே சர்க்கரையும் மாவும் கலந்து மூடிய தோல், ஓவனில் வெடித்து, அன்னாசித் தோல் மாதிரி கட்டம் கட்டமாகத் தெரிவதால் அந்தப் பெயர். சூடாக இருக்கும்போது பிட்டால் மேல்தோல் மொறுமொறுவென்று சட்டையில் உதிர்கிறது, உள்ளே பன் நூல் நூலாகப் பிரிகிறது. இதைச் செய்யும் முறையை 2014-ல் ஹாங்காங் அரசு தன் மரபுக் கலைகளின் பட்டியலில் சேர்த்தது. ஆறிப்போனால் பாதி சுவை போய்விடும், அதனால் நேரம் பார்த்துப் போங்கள்.

கை மெய் பாவுக்கு நேர் அர்த்தம் கோழி வால். உள்ளே தேங்காயும் சர்க்கரையும் வெண்ணெயும். விற்காமல் மீந்த பன்களை அரைத்துத் தேங்காயோடு சேர்த்துப் பூரணமாக வைத்ததில் பிறந்தது என்று சொல்வார்கள். அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "நம்ம ஊரு தேங்கா பன்னுதாண்டா, இது இன்னும் பதமா இருக்கு" என்றார்.

லோ போ பெங், அதாவது மனைவி கேக், எனக்கு மட்டும். உள்ளே வெள்ளைப் பூசணிக்காயைச் சர்க்கரைப் பாகில் போட்டு அரைத்த பூரணம், கொஞ்சம் எள். பிட்டுக் காட்டினேன், கண்ணாடி மாதிரி பளபளத்தது. அம்மா முகர்ந்து பார்த்து, "காசி அல்வா வாசனைடா" என்றார். காசி அல்வாவும் அதே பூசணிதானே! அவருக்கு அதைக் கொடுக்க முடியாமல் போனதுதான் எனக்கு வருத்தம்.

கிளம்பும்போது கை மெய் பாவ் நாலு கட்டிக்கொண்டோம். மறுநாள் காலையில் அம்மா தோசைக்கல்லில் மூடி போட்டுச் சூடு பண்ணினார், நன்றாகவே வந்தது.

இந்த ஜனவரியில் அம்மாவோடு பினாங்கு போகிறேன். அங்கே தவ் சார் பியா என்று பாசிப்பருப்புப் பூரணம் வைத்த பிஸ்கட் உண்டு, நம் சுசியம் பூரணத்துக்குக் கிட்டத்தில் வரும். அதற்கும் வழக்கமாகப் பன்றிக் கொழுப்புதான் சேர்ப்பார்கள். தாவர எண்ணெயில் செய்கிற கடையில் நீங்களே கேட்டு வாங்கியிருந்தால், எந்தத் தெரு என்று எழுதுங்கள்.