முயலுக்கு கு.க. ஆபரேஷன் பண்ணலாமா? திருச்சி பக்கம் முயல் பாக்கற டாக்டர் யாராச்சும்?

அவல்_வீடு:
எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்ல அவல்னு ஒரு பொம்பள முயல் இருக்கா, ஒண்ணேகால் வயசு, ரெண்டு கிலோ சொச்சம். போன மாசம் திடீர்னு தன் நெஞ்சு முடியத் தானே பிச்சு பிச்சு எடுத்து, வாய் நிறைய புல்லக் கவ்விக்கிட்டு கட்டிலுக்கு அடியில போயி மெத்தை கட்ட ஆரம்பிச்சுட்டா. அம்மா "குட்டி போடப் போறாடி"ன்னு அகத்திக்கீரை எல்லாம் ஸ்பெஷலா வாங்கிட்டு வந்து வெக்கறாங்க, ஆம்பள முயலே இல்லாத வீட்ல எப்படிம்மான்னு கேட்டா உனக்கு என்ன தெரியும்ங்கறாங்க. ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு, ஒண்ணும் வரல, தானா அடங்கிட்டா. ஆனா அதுலேர்ந்து கோவம் ஜாஸ்தி, கூண்டுக்குள்ள கைய விட்டா உர்ர்னு வந்து கடிக்கறா, சோபா எல்லாம் மூத்திரம்.

ஸ்பே, அதான் கருப்பைய எடுக்கற கு.க. ஆபரேஷன், பண்ணா சரியாகும்னு படிச்சேன். பக்கத்து கிளினிக்ல கேட்டேன், நாய் பூனைக்கு தினம் பண்றவங்கதான், "பண்ணிடலாம், முந்தின நாள் ராத்திரியே சாப்பாடு தண்ணி நிறுத்திட்டு காலைல வெறும் வயித்தோட கொண்டு வாங்க"ன்னாங்க, 6000 ரூபா. அப்பா 400 ரூபா முயலுக்கு 6000 ரூபா ஆபரேஷனான்னு அன்னைக்கு பூரா சிரிச்சுக்கிட்டே இருந்தார். எனக்கு காசு பிரச்சனை இல்ல, பயம்தான். பண்ணலாமா வேணாமா?

மூணுமுயல்_கோவை:
அந்த கிளினிக் வேணாம் சிஸ். முயலால வாந்தி எடுக்கவே முடியாது, அதனால நாய் மாதிரி ராத்திரி பூரா பட்டினி போடத் தேவையே இல்ல, போட்டா குடல் ஓட்டம் நின்னு போயி அதுவே ஆளக் கொன்னுடும். ஆபரேஷனுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் மட்டும் எடுத்து வெப்பாங்க, வாய்ல புல்லு எதுவும் மிச்சம் இருக்கக் கூடாதுன்னு, அவ்ளோதான். நான் எந்த டாக்டருக்கு போன் போட்டாலும் மொத கேள்வியே "எத்தன மணியிலேர்ந்து சாப்பாடு நிறுத்தணும்"தான். ராத்திரியிலேர்ந்துன்னு சொன்னா தேங்க்ஸ் சொல்லி வெச்சுடுவேன்.

அடுத்தது, பொம்பள முயல் எத்தன பண்ணிருக்கீங்கன்னு கேளுங்க, "முயல் பண்ணிருக்கோம்"னு சொன்னா நம்பாதீங்க, ஆம்பளைக்கு பண்றது வேற, சின்ன வேல, இது வயித்தத் திறக்கற வேல. மயக்கத்துக்கு வெறும் ஊசியா இல்ல ஐசோபுளுரேன் கேஸ் இருக்கான்னும் கேளுங்க. வீட்டுக்கு வலி மருந்து குடுப்பாங்களாங்கறதையும் விட்டுடாதீங்க. அப்பறம் ஆன்டிபயாடிக்னு அமாக்சிசிலின் சிரப்போ மாத்திரையோ எழுதிக் குடுத்தா வாங்காதீங்க, வாய் வழியா போனா முயல் குடல்ல இருக்கற நல்ல கிருமியெல்லாம் செத்து பேதியாகி போயிடும். என்ரோஃப்ளாக்சசின் மாதிரி முயலுக்கு ஒத்துக்கறது இருக்கு.

அம்மா கதை சூப்பர். அது பொய் கர்ப்பம், ஒத்தையா இருக்கற முயலுக்கும் வரும், பதினாறு பதினெட்டு நாள் இருக்கும்.

சேலத்து_சுண்டு:
எல்லாரும் பண்ணு பண்ணுங்கறாங்க, நான் மறுபக்கம் சொல்றேன். எங்க சுண்டுவுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி பண்ணோம். ஆபரேஷன் நல்லாதான் முடிஞ்சுது, சாயங்காலமே கண்ணு முழிச்சா, நாங்களும் சந்தோஷமா வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டோம். வலி மருந்து எதுவும் குடுக்கல, எங்களுக்கும் கேக்கத் தெரியல. மறுநாள் மூலையில குன்னிப் போயி உக்காந்திருந்தா, புல்லு மோந்து கூட பாக்கல, புழுக்கை ஒண்ணு கூட போடல. டயர்டா இருக்கும்னு விட்டுட்டோம். மூணாம் நாள் காலைல போயிட்டா. இன்னைக்கு வரைக்கும் அந்த கூண்ட வித்துப் போட மனசு வரல. உங்க முயல் தனியாதான் இருக்கு, குட்டி போடற பிரச்சனையும் இல்ல, எதுக்கு ரிஸ்க்னு யோசிங்க.

புல்லுக்கட்டு_டாக்டர்:
சேலத்து நண்பர், படிச்சுட்டு ரொம்ப நேரம் பதில் எழுதவே முடியல. நான் வெட்னரி முடிச்சவன், ஆனா கோழி ஃபீல்டுல இருக்கேன், ஆபரேஷன் பண்றது நான் இல்ல, அதனால விளம்பரம்னு நினைக்காதீங்க.

ரிஸ்க் உண்மைதான். பிரிட்டன்ல 2008-ல வந்த ஒரு பெரிய ஆய்வுல மயக்கம் குடுத்து செத்த முயல் நூத்துக்கு 1.39, ஆரோக்கியமான முயல மட்டும் எடுத்தா 0.73. ஆரோக்கியமான நாய்க்கு அது 0.05தான். நிறைய சாவு மயக்கம் தெளிஞ்சதுக்கு அப்பறம்தான், அதாவது சுண்டுவுக்கு நடந்த மாதிரி. ஆனா பண்ணாம விட்டா வேற கணக்கு இருக்கு: பொம்பள முயலுக்கு கருப்பைல கேன்சர் ரொம்ப சகஜம், சில இனங்கள்ல நாலு வயசுக்கு மேல பாதிக்கு மேலயே வந்துருது. ஆம்பள முயல் கூட இருக்கா இல்லையாங்கறது அதுக்குக் கணக்கே இல்ல. நாலு வயசுல ரத்தம் வந்து தெரிஞ்சு பண்றதுக்கும் ஒண்ணேகால் வயசுல பண்றதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம், வயசு ஏற ஏற கருப்பைய சுத்தி கொழுப்பு சேந்து வேலையும் கஷ்டமாகும். (மூத்திரம் செவப்பா போனா உடனே பயந்துடாதீங்க, சாப்பாட்டு நிறத்துலயும் அப்படிப் போகும், டெஸ்ட் பண்ணிட்டு முடிவு பண்ணுங்க.)

நம்ம ஊர்ல முயல்னா பண்ணை, கறி எடைதான் பேச்சு, வீட்டு முயல் பாக்கற ஆள் கம்மி. தனியார் கிளினிக்கா அலையறதுக்கு முன்னாடி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிய விசாரிங்க. உங்களுக்கு நாமக்கல்லும் ஒரத்தநாடும் பக்கம், சென்னைன்னா வேப்பேரி, 1903-லேர்ந்து இருக்கற காலேஜ். போறதுக்கு முன்னாடி போன் பண்ணி முயல் ஆபரேஷன் பண்ற டாக்டர் என்னைக்கு இருப்பாங்கன்னு கேட்டுக்கிட்டு போங்க, சும்மா போயி நின்னா மாட்டோட ஆட்டோட நாள் பூரா நிக்கணும்.

அக்னி நட்சத்திரத்துல மட்டும் வெச்சுக்காதீங்க, 30 டிகிரி தாண்டினாலே முயலுக்குத் திணறும்.

அவல்_வீடு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, சுண்டு பத்தி படிச்சுட்டு அழுதுட்டேன். அப்பாகிட்ட கேன்சர் மேட்டர சொன்னேன், சிரிப்பு நின்னுடுச்சு, "சரி எங்க போகணும்"னார். நாலு எடத்துக்கு போன் போட்டேன், சாப்பாடு கேள்வியத்தான் மொதல்ல கேட்டேன். மூணு பேர் பட்டினின்னாங்க. நாலாவது ஒரு மேடம், கேள்விய முடிக்கறதுக்குள்ளயே "பட்டினி வேணாம்மா, அவ வழக்கமா சாப்பிடற புல்லு, கொத்தமல்லி எல்லாம் ஒரு பையில போட்டுக் கொண்டு வாங்க, முழிச்ச உடனே மூக்குகிட்ட வெக்கணும்"னாங்க. ரெண்டு மணி நேர பயணம், பரவால்ல, தை மாசம் தேதி வாங்கிட்டேன். வந்தப்பறம் வீட்ல என்ன பண்ணணும்னு சொல்லுங்க.

மூணுமுயல்_கோவை:
அந்த மேடம விட்டுடாதீங்க!

கூண்டுல பழைய டவல் விரிங்க, மேல ஏறி குதிக்கற மாதிரி எதுவும் இருக்கக் கூடாது, பத்து நாள் வரைக்கும். தையல நக்காம இருக்க கழுத்துல மாட்டற கோன் (புனல் மாதிரி இருக்கும்) இல்லாம சமாளிக்கப் பாருங்க, கோன் இருந்தா முயல் தன்னோட மெத்துப் புழுக்கைய வாய் வெச்சு சாப்பிட முடியாது, அது அதுக்குத் தேவை. தையல உள்பக்கமா போட முடியுமான்னு முன்னாடியே கேளுங்க.

புழுக்கைய எண்ணுங்க, சீரியஸா. நான் நோட்டு போட்டு எழுதினேன், வீட்டுக்காரர் கிண்டல் பண்ணார். பன்னண்டு மணி நேரம் ஆகியும் சாப்பிடலன்னா பெல்லட்ட (கடைல விக்கற முயல் தீவன உருண்டை) வெந்நீர்ல ஊற வெச்சு கூழாக்கி ஊசி இல்லாத சிரிஞ்சுல கடைவாய் ஓரமா கொஞ்சம் கொஞ்சமா குடுங்க, டாக்டருக்கும் போன் போடுங்க, காலைல பாத்துக்கலாம்னு தூங்கிடாதீங்க.

சேலத்து_சுண்டு:
வலி மருந்து பாட்டில் கைல வாங்காம அந்த எடத்த விட்டு வெளிய வராதீங்க. மெலாக்சிகாம்னு இருக்கும். எத்தன மில்லி, எத்தன நாளுன்னு சீட்டுலயே எழுதி வாங்குங்க. அவல் நல்லா வந்துட்டான்னு இங்க ஒரு வார்த்தை போடுங்க, நான் பாத்துக்கிட்டே இருப்பேன்.