டவர் பக்கத்தில் 962 மெகாஹெர்ட்ஸில் ஒரு சிக்னல், எங்கிருந்து வருகிறது?

ஜன்னலுக்கு நேர் எதிரே செல்போன் டவர். என் யூஎஸ்பி ரிசீவரில் 946, 954 மெகாஹெர்ட்ஸில் இரண்டு ஜிஎஸ்எம் (2ஜி செல்போன்) கேரியர்கள், அதாவது டவர் அனுப்பும் அலைகள், தெரிகின்றன. சரி, எதிர்பார்த்ததுதான். ஆனால் 962-லும் ஒரு மேடு, அவை இரண்டையும்விட அகலமாக. ஜிஎஸ்எம் 900 டவுன்லிங்க் (டவரிலிருந்து போனுக்கு வரும் பட்டை) 960-லேயே முடிந்துவிடுகிறதே! அதற்கு மேலே விமான வழிகாட்டிக் கருவிகளின் பட்டை என்பதால் கவலையாக இருக்கிறது. புகார் கொடுக்கட்டுமா?

பதில் 1:
கொஞ்சம் பொறுங்கள். 954-ஐ இரட்டித்து 946-ஐக் கழித்தால் 962. இரண்டு பலமான சிக்னல்கள் எங்கோ கலக்கின்றன, அகலமும் அதனால்தான். பெரும்பாலும் உங்கள் ரிசீவருக்குள்ளேயே. ஆன்டெனாவுக்கும் ரிசீவருக்கும் நடுவில் 10 டெசிபல் அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் சிறு கருவி) போட்டுப் பாருங்கள். உண்மையான சிக்னல் 10 இறங்கும். உள்ளே பிறந்தது 30 வரை இறங்கும்.

கேட்டவர்:
போட்டேன். 946-உம் 954-உம் சொன்னபடி 10 இறங்கின. 962 இரைச்சலுக்குள் மறைந்தே போனது!

பதில் 2:
அப்போது டவர் மேல் தவறில்லை. ரிசீவரின் கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) குறையுங்கள், அப்புறம் டவர் அலைகளைத் தடுக்கும் ஒரு ஃபில்டர் வையுங்கள். 962-உம் 10 மட்டுமே இறங்கியிருந்தால் கதை வேறு: துருப்பிடித்த போல்ட், தளர்ந்த கனெக்டர்கூட இப்படிக் கலக்கும். அதை டவர்காரர்கள்தான் சரிசெய்ய வேண்டும்.