ஐந்து எபிசோட் முடித்தபின் மகள் கேட்ட கேள்வி (முடிவுகளைச் சொல்லியிருக்கிறேன், ஜாக்கிரதை)

ரோஸ்ஹில் வாத்தியார்:

தலைப்பிலேயே எச்சரித்துவிட்டேன். ‘லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச்’ என்ற வீடியோ கேமை இன்னும் விளையாடாதவர்கள் இப்படியே திரும்பிப் போய்விடுங்கள்.

நான் மொரீஷியஸில் ஆரம்பப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவன். வயது 45. கதை சொல்லும் விளையாட்டுகள் எனக்குப் புதிதில்லை. 2002இல் ‘சைபீரியா’ வந்தபோது கல்யாணமாகாத பையன். பிரெஞ்சுக் குரலில் இரவெல்லாம் விளையாடியிருக்கிறேன். ஆனால் இந்தக் கேள்வி என்னுடையது இல்லை, மகளுடையது. கேட்டபோது அவளுக்கு 15.

2024 ஜனவரி, பெலால் புயல். போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்த வீடியோவைப் பார்க்காதவர்கள் இருக்கமாட்டீர்கள். தைப்பூசத்துக்குப் பத்து நாள் இருந்தது, வீட்டில் காவடி விரதம் தொடங்கும் நேரம். அதனால் புயலுக்கு வழக்கமாக வாங்கும் சார்டின் மீன் டப்பா மட்டும் வாங்கவில்லை. மெழுகுவத்தி, ரொட்டி, தண்ணீர் எல்லாம் தயார். புயல் எச்சரிக்கையில் கிளாஸ் 3 அறிவித்தபின் வெளியே போகவும் வழியில்லை. மகள் லாப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஐந்தாம் எபிசோடில் உட்கார்ந்திருந்தாள்.

விளையாட்டிலும் புயல்தான். அமெரிக்காவின் ஒரேகான் கரையில் ஆர்கேடியா பே என்று ஒரு சின்ன ஊர். அதை விழுங்கச் சுழற்காற்று வந்துகொண்டிருக்கிறது. மேக்ஸ் என்ற பெண்ணால் காலத்தைக் கொஞ்சம் பின்னால் திருப்ப முடியும். அப்படித் திருப்பித் தன் தோழி க்ளோயியைச் சாவிலிருந்து காப்பாற்றியதன் விளைவுதான் அந்தக் காற்று என்று போகிறது கதை. வெளியே எங்கள் தகரக் கூரை படபடக்கிறது, உள்ளே ஸ்பீக்கரும் உறுமுகிறது. “அப்பா, எது எதோட சத்தம்னே தெரியலை” என்றாள்.

கரண்ட் போனது. பேட்டரியில் கொஞ்ச நேரம் ஓட்டினாள். கடைசித் தேர்வு திரையில் வந்தபோது 6 சதவீதம் இருந்தது. க்ளோயியை விட்டுக்கொடுப்பதா, ஊரை விட்டுக்கொடுப்பதா? அவள் எதையும் அழுத்தவில்லை. லாப்டாப் தானாக அணைந்தது.

அந்த ராத்திரி மெழுகுவத்தி வெளிச்சத்தில் அதையே பேசிக்கொண்டிருந்தோம். ஒருத்திக்காக ஓர் ஊரையா என்று நான் இழுத்தேன். அவள் சட்டென்று, “கண்ணகி மதுரையை எரிச்சாளே, அதை மட்டும் நீங்க கிளாஸ்ல பெருமையா சொல்றீங்க?” என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. வாத்தியார் பிள்ளைகளிடம் இது ஒரு தொல்லை.

மறுநாள் சாயங்காலம் கரண்ட் வந்தது. ஊரை விட்டுக்கொடுத்தாள். குன்றின் மேலிருந்து இருவரும் ஊர் அழிவதைப் பார்க்கிறார்கள். விடிந்ததும் பழைய டிரக்கில் இடிந்த தெருக்கள் வழியாகப் போகிறார்கள். வண்டியில் ஒரு வார்த்தை இல்லை. பாட்டு ஒலிக்கிறது, பெயர்கள் ஓடுகின்றன. இவள் இன்னும் ஏதோ வரும் என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் யூடியூபில் இன்னொரு முடிவைப் பார்த்தாள். அதில் சவ அடக்கம், ஊர் ஜனம், வண்ணத்துப்பூச்சி என்று எவ்வளவோ நீளம். கோபம் இரட்டிப்பானது. “நான் தப்பான விடை எழுதிட்டேன்னு மார்க்கைக் குறைச்சிட்டாங்க” என்றாள்.

அவளை நிஜமாகச் சுட்டது வேறு. இரண்டாம் எபிசோடில் கேட் என்ற பெண் மாடியிலிருந்து குதிக்க நிற்பாள். அந்த இடத்தில் மட்டும் காலத்தைத் திருப்பும் சக்தி கைவிட்டுவிடும். அவள் அறையில் என்னென்ன இருந்தது, அவள் குடும்பத்தில் யார் யார் என்பதை முன்பே கவனித்திருந்தால்தான் பேசி இறக்க முடியும். மகள் கவனித்திருந்தாள், இறக்கினாள். “அப்போ அந்தக் கேட் என்ன ஆனா? அவ ஆஸ்பத்திரியும் அந்த ஊர்லதானே?” என்று கேட்கிறாள்.

சோகமான முடிவு என்பது அவள் புகார் இல்லை. செய்ததெல்லாம் எங்கே போயிற்று என்கிறாள். இது செய்தவர்கள் குறையா, நாம்தான் அதிகம் எதிர்பார்க்கிறோமா?

எபேன் ராத்திரி ஷிஃப்ட்:

வணக்கம் ஐயா. நான் புரோகிராமர். விளையாட்டு எழுதுகிறவன் இல்லை, வங்கிகளுக்கான மென்பொருள். ஆனாலும் இந்தக் கணக்கு எல்லாருக்கும் ஒன்றுதான். பத்து இடத்தில் இரண்டிரண்டு வழி வைத்து, எல்லாவற்றையும் தனித்தனியாகக் கொண்டுபோனால் கடைசியில் 1024 கதைகள் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் குரல், அசைவு, ஒளி. எந்த ஸ்டூடியோவாலும் முடியாது. அதனால் கிளையைப் பிரித்து இரண்டு காட்சி தள்ளி மறுபடி அதே தண்டில் ஒட்டிவிடுகிறார்கள். நடுவில் இது கண்ணுக்குத் தெரியாது, ‘அடுத்த எபிசோடில் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடலாம். கடைசி எபிசோடுக்கு அடுத்தது கிடையாதே. பாக்கி எல்லாம் அங்கேதான் வசூலுக்கு வரும்.

இதில் பெரிய ரகளை ‘மாஸ் எஃபெக்ட் 3’. அது அட்வென்ச்சர் இல்லை, ஆர்பிஜி (நம் பாத்திரத்தை நாமே வளர்க்கும் வகை), இருந்தாலும் சொல்கிறேன். 2007இல் முதல் பாகத்தில் நான் எடுத்த முடிவுகள் சேவ் ஃபைலோடு கூடவே வந்து 2012இல் மூன்றாம் பாகத்துக்குள் நுழைந்தன. ஐந்து வருஷம்! கடைசியில் சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று வழி. எதில் போனாலும் ஏறக்குறைய ஒரே காட்சி, வெளிச்சத்தின் நிறம்தான் வேறு. கோபப்பட்ட ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. 400 கப்கேக் செய்து, அந்த விளையாட்டைச் செய்த பயோவேர் கம்பெனியின் அலுவலகத்துக்கே அனுப்பினார்கள். மேலே மூன்று நிறம், உள்ளே எல்லாம் ஒரே வனிலா. அதைவிட அழகாக யாரும் ஒரு விமர்சனம் எழுதவில்லை என்பது என் கட்சி. அந்த ஜூனிலேயே கம்பெனி இலவசமாக ஒரு நீட்டிப்பு கொடுத்தது. முடிவை மாற்றவில்லை. யார் யார் என்ன ஆனார்கள் என்று காட்சிகளைச் சேர்த்தார்கள், அவ்வளவுதான். என் அப்போதைய இணைப்பில் அது இறங்க இரண்டு ராத்திரி ஆனது. பார்த்தபின் பாதிக் கோபம் போய்விட்டது, நிஜமாக.

எதிர் உதாரணம் ஒன்று. அதே 2012இல் டெல்டேல் கம்பெனியின் ‘தி வாக்கிங் டெட்’. கதாநாயகன் லீயை ஜோம்பி கடித்தபின் கையை வெட்டினாலும் சாவான், வெட்டாவிட்டாலும் சாவான். மாஸ் எஃபெக்டைவிட மோசமான ஏமாற்று என்றுதானே சொல்லவேண்டும்? ஆனால் நான் அழுதேன். ஏனென்றால் அந்த விளையாட்டு, லீ பாதுகாக்கும் சிறுமியைப் பற்றி முதலிலிருந்தே ‘கிளெமன்டைன் இதை நினைவில் வைத்துக்கொள்வாள்’ என்று மட்டும்தான் சொன்னது. லீ பிழைப்பான் என்று எங்கும் சொல்லவில்லை.

சாட்ஸ்வொர்த் பேத்தி:

பாட்டியிடம் கற்ற தமிழ், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தம்பியின் கிளைக் கணக்கு சரிதான், ஆனால் அது மட்டும் காரணம் என்றால் ‘ஃபயர்வாட்ச்’ பற்றி ஏன் அத்தனை புலம்பல்? அதில் முடிவு ஒன்றே ஒன்றுதான்.

2016இல் வந்தது. நான் விளையாடியது 2023இல், தென்னாப்பிரிக்காவில் ஸ்டேஜ் 6 லோட்ஷெடிங், அதாவது முறைவைத்துக் கரண்டை நிறுத்திய நாட்களில். நாலைந்து மணி நேர விளையாட்டு, கரண்ட் அட்டவணையைப் பார்த்து மூன்று துண்டாக முடித்தேன். 1989 கோடை, வயோமிங் காடு. ஹென்றி என்பவன் காட்டுத் தீ பார்க்கும் கோபுரத்தில் தனியாக இருக்கிறான். அவன் மனைவிக்குச் சின்ன வயதிலேயே மறதி நோய். அதைத் தாங்கமுடியாமல் வந்தவன். பேச்சுத் துணைக்கு வாக்கிடாக்கியில் டெலைலா, இன்னொரு கோபுரத்திலிருந்து. நடுவில் யாரோ இவர்கள் பேச்சைக் குறித்துவைக்கிறார்கள், காட்டுக்குள் வேலி போட்ட ஆராய்ச்சி முகாம், ஏதோ பெரிய சதி என்று பயங்காட்டுவார்கள். கடைசியில் சதியும் இல்லை, ஒன்றும் இல்லை. பிள்ளை செத்ததை மறைத்துக்கொண்டு காட்டில் ஒளிந்த ஒரு தகப்பன். சரி, டெலைலாவையாவது பார்ப்போம் என்று தீ சூழ்ந்த காட்டில் அவள் கோபுரம் வரை போனால், அவள் முந்தைய ஹெலிகாப்டரில் போய்விட்டாள். ரேடியோவில் குரல் மட்டும்.

என் தம்பி மகன் கட்டுப்பாட்டுக் கருவியைச் சோபாவில் வீசினான். நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். நான் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் வேலை செய்கிறேன். வண்டியில் போகிறவர்களை எனக்குக் குரலாகத்தான் தெரியும். ஒருவரோடு ஒன்பது வருஷம் ரேடியோவில் பேசியிருக்கிறேன். அவருக்குச் சர்க்கரை உண்டு, மகள் கேப் டவுனில் படிக்கிறாள், பிரியாணியில் உருளைக்கிழங்கு இல்லாவிட்டால் அது பிரியாணியே இல்லை என்பார். ரிட்டயர் ஆனார். கடைசி நாள் “ஓவர் அண்ட் அவுட், கண்ணு” என்றார். முகம் பார்த்ததில்லை. டெலைலாவின் காலி நாற்காலியைப் பார்த்ததும் அந்த ரேடியோ சத்தம்தான் காதில் கேட்டது.

ஆக, ஏமாற்றும் முடிவு எல்லாம் கெட்ட முடிவு இல்லை. ஆனால் உங்கள் மகள் சொல்வது வேறு, ஐயா. அவள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

(எங்கள் நாட்டுச் சகோதரர்கள் இருவர் செய்த ‘பியூட்டிஃபுல் டெசலேஷன்’ இருக்கிறது, 2020இல் வந்தது, எதிர்காலத் தென்னாப்பிரிக்காவில் நடப்பது. முடிவுகள் பல. கேப் டவுன் வானத்தில் முக்கோணம் வந்து நிற்கும் அந்தத் தொடக்கத்துக்காகவே விளையாடலாம்.)

சேந்த் ஆந்த்ரே 974:

வணக்கம். நான் ரெயூனியன். தமிழ் இப்போது படிக்கிறேன், மூன்றாம் வருடம். சின்ன வாக்கியம் எழுதுவேன்.

பெலால் எங்கள் தீவு மேலேயே வந்தது. ஊதா எச்சரிக்கை, அதுதான் உச்சம். நானும் வீட்டில் விளையாடினேன்!

என் அப்பா 1991இல் ‘மங்கி ஐலண்ட் 2’ முடித்தார். கடற்கொள்ளைக்காரன் கதை. கடைசியில் கதாநாயகனும் அவன் எதிரியும் பொழுதுபோக்குப் பூங்காவில் இரண்டு சிறுவர்கள் ஆகிவிட்டார்கள். அப்பாவுக்குப் புரியவில்லை, மிகவும் கோபம். 2022இல், அந்த விளையாட்டைச் செய்த அதே ரான் கில்பர்ட் புதிய பாகம் செய்தார். அந்தப் பூங்காவிலிருந்தே தொடங்குகிறது. 31 வருடம்! நானும் அப்பாவும் சேர்ந்து விளையாடினோம். ரகசியப் பெட்டியைத் திறந்தோம். உள்ளே ஒரு டி-ஷர்ட். நான் கோபம். அப்பா சிரித்தார், நிறுத்தவே இல்லை. 1991இல் ஏன் சிரிக்கவில்லை என்று கேட்டேன். அப்போது காத்திருக்கத் தெரியாது என்றார்.

ரோஸ்ஹில் வாத்தியார்:

எல்லோருக்கும் நன்றி. சேந்த் ஆந்த்ரே தம்பி, உங்கள் தமிழ் நன்றாக இருக்கிறது. ‘நான் கோபம்’ என்பதைத் திருத்தாதீர்கள், அப்படியே இருக்கட்டும்.

எபேன்காரர் சொன்ன கப்கேக்கைவிட அந்த நீட்டிப்புதான் என்னை யோசிக்கவைத்தது. முடிவை மாற்றாமல் நேரத்தை மட்டும் கூட்டியிருக்கிறார்கள். மகள் கண்ணகியை இழுத்ததற்கு அன்று ராத்திரி தோன்றாத பதில் இப்போது தோன்றுகிறது. மதுரை எரிவதோடு இளங்கோ கதையை முடிக்கவில்லை. வஞ்சிக் காண்டம் முழுசாக மீதி இருக்கிறது. கண்ணகி சேரநாட்டு மலைக்குப் போகிறாள், குறவர்கள் பார்க்கிறார்கள், செங்குட்டுவன் இமயத்திலிருந்து கல் கொண்டுவந்து கோயில் கட்டுகிறான். எரித்தது சரியா தப்பா என்று தீர்ப்பு எழுதினாரோ இல்லையோ, எரித்தபிறகு நடந்ததற்கு இடம் ஒதுக்கினார். மேக்ஸுக்குக் கிடைத்தது ஒரு பாட்டு நீளம்.

‘சைபீரியா’வை ஏன் மன்னித்தேன் என்பதும் இதனால்தான் போலிருக்கிறது. அதன் கதாநாயகி கேட் வாக்கர் (மகளின் கேட் வேறு) தேடிப்போன கையெழுத்தை வாங்கிக்கொண்டு நியூயார்க் விமானத்தில் ஏறப்போகிறாள், கடைசி நிமிடத்தில் திரும்பி ஓடிப்போய் ரயிலில் தொற்றிக்கொள்கிறாள். எங்கே போகிறாள் என்றே சொல்லாமல் முடித்துவிட்டார்கள். 2002இல் திட்டித் தீர்த்தேன். ஆனால் ஓடினது அவள், ஓடவைத்தது நான். அந்த ஓட்டம் வீண் என்று விளையாட்டு சொல்லவில்லை. (மூன்றாம் பாகத்தை 2017இல் பாதியில் அறுத்தாற்போல விட்டார்களே, அதைப் பற்றிப் பேச்செடுத்தால் எனக்கு ரத்தக் கொதிப்பு வரும்.)

இதையெல்லாம் மகளிடம் படித்துக் காட்டினேன். ஆம்புலன்ஸ் அக்கா கதைக்கு மட்டும் தலையாட்டினாள். பிறகுதான் சொன்னாள், அவள் எப்போதோ ‘லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்சை’ மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிட்டாளாம். கேட்டை இறக்கிக் காப்பாற்றி, நாலாம் எபிசோடில் ஆஸ்பத்திரிக்குப் போய் அவளைப் பார்த்துவிட்டு வந்து, அத்தோடு நிறுத்திவிட்டாள். ஐந்தாவதைத் திறக்கவே இல்லை. லாப்டாப்பில் இடம் போதவில்லை, அழித்துவிடட்டுமா என்று போன வாரம் கேட்டேன். கூடாதாம்.