புதுப்பிப்பு: வாரா வாரம் விருந்தினர் தேடிய விஷயம்

டெல்டாவில் ஒரு சமுதாய வானொலியில் உரையாடல் நிகழ்ச்சி நடத்துகிறேன், அந்தந்த நேரத்துக்கு ஏற்ற தலைப்பும் ஆளும் அமையவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். பலரும் சொன்னது: பயிர் நாட்காட்டியைப் பாருங்கள். எங்களுக்கு அதுதான் சரி. ஏனென்றால் சமுதாய வானொலியில் ஆகாசவாணி செய்தியை மாற்றாமல் தரலாமே தவிர, சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப அனுமதி கிடையாது.

இப்போது மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-ஐ மனதில் வைத்து, மே மாதமே கடைமடை விவசாயி ஒருவரிடம் பேசி வைத்துவிடுகிறேன். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழைக்கு ஓய்வுபெற்ற லஸ்கர் (பாசன மதகுகளைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர்) ஒருவரை அழைத்தோம். முப்பது வருஷம் மதகு திறந்து மூடியவர். வெங்காயத்தாமரை முதலில் எந்த மதகில் வந்து அடைக்கும், எந்தக் கரை முதலில் கசியும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எந்தப் புத்தகத்திலும் இதெல்லாம் இருக்காது! நிகழ்ச்சி முடிந்தும் போன் அழைப்பு நிற்கவில்லை.

நடவு வேலை செய்யும் பெண்களைத்தான் இன்னும் நிலையத்துக்கு வரவழைக்க முடியவில்லை. பகல் கூலியை விட்டுவிட்டு எப்படி வருவார்கள்? அதனால் அடுத்த வாரம் ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு நானே வயலுக்குப் போகிறேன்.